வேலையிடத்தில் அடிபட்டால்: ஏ.ஆர். காப்பி முதல் பணம் கைக்கு வரும் வரை

இழப்பீட்டு வழக்குகள் பல, விபத்து நடந்த அன்றிரவே ஆஸ்பத்திரியின் ஆக்சிடென்ட் ரெஜிஸ்டரில் (ஏ.ஆர்.) தோற்றுப்போகின்றன. "கம்பெனியில் பவர் பிரஸ்ஸில் கை மாட்டியது" என்று இருக்க வேண்டிய இடத்தில் "பைக்கிலிருந்து விழுந்தார்" என்று ஒரு வரி விழுந்துவிட்டால், அதைத் திருத்த ஒரு வருடம் அலைய வேண்டும். அதனால் இந்தக் கட்டுரை சட்டப் பிரிவிலிருந்து தொடங்காமல் விபத்து நடக்கும் இடத்திலிருந்தே தொடங்குகிறது. அம்பத்தூர், திருமுடிவாக்கம் பட்டறைகளிலோ, ஒரகடம் உதிரிபாக ஆலைகளிலோ, மணலி, எண்ணூர்ப் பக்கமோ, ஓ.எம்.ஆர். கட்டட சைட்டுகளிலோ புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்கும், அவர் வீட்டாருக்கும், கூட வேலை செய்பவருக்கும் பயன்படும்படி எழுதியிருக்கிறோம்.

வேலைக்குச் சேர்ந்த வாரத்திலேயே

அடிபட்ட பிறகு எதிர்த்தரப்பு சொல்லும் முதல் வாக்கியம், "இவர் எங்க ஆளே இல்லை." இரண்டாவது, "நேத்துதான் வந்தார், பேர் இன்னும் ஏத்தல." இந்த இரண்டுக்கும் பதில் முன்கூட்டியே உங்கள் போனில் இருக்க வேண்டும்.

இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) எண் 10 இலக்கம், பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) கணக்கின் யுஏஎன் எண் 12 இலக்கம். சேர்ந்ததும் இரண்டையும் கேட்டு வாங்குங்கள். பெயர், பிறந்த தேதி, குடும்பத்தினர் பெயர் எல்லாம் ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா பாருங்கள். சம்பளத்தில் இஎஸ்ஐ பிடித்தம் 0.75 சதவீதம், முதலாளி போடுவது 3.25 சதவீதம். பிடித்தம் செய்துவிட்டுக் கட்டாமல் இருக்கும் கான்ட்ராக்டர்கள் உண்டு. எண் உயிரோடு இருக்கிறதா என்று இஎஸ்ஐ இணையதளத்திலோ 1800-11-2526 என்ற இலவச எண்ணிலோ கேட்டுக்கொள்ளலாம்.

எண்ணே தரவில்லை, கையில் கூலி, மேஸ்திரி கீழ் வேலை என்றால் வேறு தடயம் சேர்க்க வேண்டும். கேட் பாஸ், ஹெல்மெட்டோடு சைட் பெயர்ப் பலகை தெரியும்படி ஒரு போட்டோ, மேஸ்திரி ஜிபே-யில் போட்ட வாரக் கூலி, "நாளைக்கு ஏழு மணிக்கு ஏழாவது மாடி சென்ட்ரிங்" என்று வந்த வாட்ஸ்ஆப் செய்தி, ஆள் பேர் எழுதும் நோட்டின் ஒரு பக்கம். இவற்றை வேறு ஒருவர் போனுக்கும் அனுப்பி வையுங்கள். விபத்து நடந்த அன்று உங்கள் போன் காணாமல் போவது அபூர்வம் இல்லை.

கட்டட வேலை என்றால் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். வயது 18 முதல் 60 வரை. வாரியம் தரும் விபத்து உதவி, முதலாளி தர வேண்டிய இழப்பீட்டுக்குப் பதிலாக ஆகாது. இரண்டும் தனித்தனி. பேங்க் கணக்கில் வருடம் 20 ரூபாய் பிடிக்கும் பிரதமர் சுரக்ஷா காப்பீடும் அப்படித்தான். விபத்து மரணத்துக்கு 2 லட்சம்.

முதல் ஒரு மணி நேரம்

மெயினை அணைக்காமல் ஷாக் அடித்தவரைத் தொடக் கூடாது. உயரத்திலிருந்து விழுந்தவரை இரண்டு பேர் கையைக் காலைப் பிடித்து ஷேர் ஆட்டோவில் ஏற்றக் கூடாது. முதுகுத்தண்டு அடிபட்டிருந்தால் தூக்கும்போதுதான் கால் போகும். 108-க்கு அடித்துவிட்டுக் கழுத்து ஆடாமல் பிடித்திருங்கள். தீக்காயம், ஆசிட் என்றால் இருபது நிமிடம் ஓடும் குழாய்த் தண்ணீர். பேஸ்ட், இங்க், மஞ்சள் எதுவும் வேண்டாம். கழிவுநீர்த் தொட்டியில் ஒருவர் மயங்கினால் காப்பாற்ற இன்னொருவர் குதிக்கவே கூடாது. முதலாமவரைக் கொன்ற அதே விஷவாயு அடுத்தவரையும் கொல்லும். ஒரே குழியில் மூன்று உடல்கள் கிடப்பது இப்படித்தான்.

பிரஸ், கட்டிங் மெஷின் வேலையில் விரல் துண்டானால் அந்தத் துண்டைத் தேடி எடுங்கள். தூசி இருந்தால் சுத்தமான தண்ணீரில் மெதுவாக அலசி, சலைனில் நனைத்துப் பிழிந்த துணியில் சுற்றி, ஒரு பாலிதீன் கவரில் போட்டுக் காற்றுப் புகாமல் கட்டுங்கள். அந்தக் கவரை ஐஸும் தண்ணீரும் கலந்த இன்னொரு கவருக்குள் வையுங்கள். பதற்றத்தில் எல்லோரும் செய்யும் தவறு, துண்டை நேராக ஐஸ்கட்டியில் போடுவது. ஐஸ் பட்ட சதை உறைந்து செத்துவிடும், தைக்க முடியாது. சரியாகக் குளிர்த்தினால் விரலுக்கு அரை நாளுக்கு மேலும் அவகாசம் உண்டு. மணிக்கட்டுக்கு மேலே துண்டானால் சதை அதிகம் என்பதால் ஆறு மணி நேரத்துக்குள் போயாக வேண்டும்.

எங்கே போவது? கை, விரல் என்றால் ராயபுரம் பக்கம் ஸ்டான்லி அரசு மருத்துவமனை. கை அறுவைச் சிகிச்சைக்கென்றே அங்கே தனித் துறை பல பத்தாண்டுகளாக இருக்கிறது. தீக்காயத்துக்குக் கீழ்ப்பாக்கம். தலை, முதுகு, பல எலும்பு முறிவு என்றால் சென்ட்ரல் எதிரே இருக்கும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. இஎஸ்ஐ உள்ளவருக்கு கே.கே. நகர், அயனாவரம் இஎஸ்ஐ மருத்துவமனைகள் உண்டு. ஆனால் உயிர் ஆபத்து என்றால் பக்கத்தில் எது இருக்கிறதோ அங்கே போங்கள். அவசரத்துக்குத் தனியாரில் சேர்த்த செலவையும் இஎஸ்ஐ-யிடம் பில் வைத்துக் கேட்கலாம்.

அந்த ஒரு வரி

காஷுவாலிட்டியில் டூட்டி டாக்டர் பெரிய ரெஜிஸ்டர் ஒன்றில் எழுதுவார். அதுதான் ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர், சுருக்கமாக ஏ.ஆர். யார் கூட்டி வந்தார், எத்தனை மணிக்கு, எங்கே, எப்படி அடிபட்டது, என்னென்ன காயம். "எப்படி" என்ற கட்டத்தில் டாக்டர் தாமாக எதையும் எழுத மாட்டார். கூட வந்தவர் சொல்வதை எழுதுவார். கூட வருபவர் பெரும்பாலும் சூப்பர்வைசர். "போலீஸ் கேஸ் ஆனா லேட் ஆகும், வண்டியில விழுந்தான்னு சொல்லிடலாம், செலவெல்லாம் நாங்க பாத்துக்குறோம்" என்று அவர் வழியிலேயே பேசி வைத்திருப்பார். சில நேரம் நல்லெண்ணத்தில்கூடச் சொல்வார். எந்த எண்ணத்தில் சொன்னாலும் விளைவு ஒன்றுதான்.

அதனால் குடும்பத்தாரோ சக தொழிலாளியோ ஒருவர் கட்டாயம் கூடவே போக வேண்டும். டாக்டரிடம் நான்கு விஷயம் தெளிவாகச் சொல்ல வேண்டும்: கம்பெனி அல்லது சைட்டின் பெயர், ஊர், நேரம், எந்த இயந்திரத்தில் அல்லது எந்த உயரத்திலிருந்து. அடிபட்டவருக்கு நினைவு இருந்தால் அவரே சொல்வது இன்னும் நல்லது. எழுதியபின் படித்துக் காட்டச் சொல்லுங்கள். ஏ.ஆர். எண்ணை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள், காப்பி பிறகு வாங்கலாம்.

தனியார் கிளினிக்கில் கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டால் ஏ.ஆரே இருக்காது. அப்படி நடந்திருந்தால் மறுநாளாவது அரசு மருத்துவமனைக்குப் போய், முதல் நாள் சிகிச்சைச் சீட்டைக் காட்டி, நடந்ததை நடந்தபடி பதிவு செய்யுங்கள். ஒரு நாள் தாமதத்துக்குக் காரணம் சொல்லிக்கொள்ளலாம். ஒரு மாதத் தாமதத்துக்குச் சொல்லும் காரணத்தை யாரும் நம்ப மாட்டார்கள்.

போலீஸும் கம்பெனிக்குக் கடிதமும்

ஏ.ஆர். போட்டால் மருத்துவமனையே போலீசுக்குத் தகவல் அனுப்பும். அது போதும் என்று இருந்துவிட வேண்டாம். விபத்து நடந்த இடம் எந்த ஸ்டேஷன் எல்லையோ அங்கே புகார் எழுதிக் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். பெரிய காயம், மரணம் என்றால் எஃப்.ஐ.ஆர். கேளுங்கள். அலட்சியத்தால் மரணம் என்றால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் பிரிவு 106, இயந்திரத்தைக் கவனக்குறைவாகக் கையாண்டதற்கு 289, உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் அலட்சியத்துக்கு 125. மரணத்தில் பிரேதப் பரிசோதனை வேண்டாம் என்று யார் சொன்னாலும் கையெழுத்துப் போடாதீர்கள். "நெஞ்சுவலி" என்று எழுதப்பட்டு எரித்துவிட்ட உடலை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

அடுத்தது கம்பெனிக்கு எழுத்தில் தகவல். நீளமாக வேண்டாம். தேதி, நேரம், இடம், செய்துகொண்டிருந்த வேலை, என்ன ஆனது, பார்த்தவர்கள் பெயர், சேர்த்த மருத்துவமனை, ஏ.ஆர். எண். கான்ட்ராக்டருக்கு ஒன்று, அவருக்கு வேலை கொடுத்த பெரிய கம்பெனிக்கு ஒன்று, பதிவுத் தபாலில் ஒப்புதல் அட்டையோடு. ஆலை என்றால் இன்னொரு நகல் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு. அவர்களுடைய ஆய்வாளர் வந்து பார்த்து எழுதும் அறிக்கை பிற்பாடு உங்களுக்குப் பெரிய சாட்சி.

அந்த அறிக்கை வருவதற்குள் இயந்திரம் மாறிவிடும், அதுதான் சங்கடம். பவர் பிரஸ்ஸில் இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அமுக்கினால்தான் டை (தகட்டை அழுத்தும் அச்சு) இறங்க வேண்டும். கை டைக்குள் இருக்கவே முடியாது. உற்பத்தி வேகத்துக்காக ஒரு பட்டனைக் குச்சி வைத்து முட்டுக்கொடுத்துவிட்டு, ஒரு கையால் தட்டு வைத்து மறு கையால் அமுக்க விடுவார்கள். சில இடத்தில் பட்டனையே கழற்றிவிட்டுக் காலால் மிதிக்கும் பெடல். விபத்து நடந்த மறுநாள் காலை குச்சி போயிருக்கும், புது பாதுகாப்புத் தடுப்பு மின்னும், "இயந்திரத்தில் பாதுகாப்பு இருந்தது, இவர்தான் கழற்றினார்" என்று கடிதம் தயாராகும். சக தொழிலாளி அன்றே எடுத்த ஒரு போட்டோ இதையெல்லாம் அடித்துவிடும். கட்டடத்தில் என்றால் சாரத்தில் கைப்பிடிக் கம்பி இருந்ததா, லிஃப்ட் குழிக்குத் தடுப்பு இருந்ததா, பெல்ட் மாட்டக் கயிறு கட்டியிருந்ததா என்று பார்த்துப் படம் எடுங்கள்.

குடிபோதை, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியது, பாதுகாப்புக் கருவியை வேண்டுமென்றே கழற்றியது ஆகிய மூன்றும் முதலாளிக்குச் சட்டம் தரும் தப்பிக்கும் வழிகள். ஆனால் மரணத்துக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் இந்த மூன்றும் செல்லாது. மற்ற காயங்களிலும் "வேண்டுமென்றே" என்பதை நிரூபிக்க வேண்டியது முதலாளி. சூப்பர்வைசர் சொல்லிக் கழற்றியது அந்தக் கணக்கில் வராது. வெறும் கவனக்குறைவு, தூக்கக் கலக்கம், அவசரம் எதுவும் இழப்பீட்டைத் தடுக்காது. "உன் தப்புதானே" என்று கேட்டுத் தலைகுனிந்து போகிறவர்களை நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது. இந்தச் சட்டம் யார் தப்பு என்றே கேட்பதில்லை. வேலையின் போது, வேலையின் காரணமாக நடந்ததா என்றுதான் கேட்கிறது.

இரண்டில் எந்த வாசல்

இங்கேதான் பலர் தவறான இடத்தில் வரிசையில் நிற்கிறார்கள். இஎஸ்ஐ-யில் காப்பீடு பெற்றவர் இஎஸ்ஐ-யிடம்தான் போக முடியும். அதே காயத்துக்கு முதலாளி மேல் இழப்பீட்டு மனுவும் போட முடியாது. இஎஸ்ஐ இல்லாதவர் தொழிலாளர் துறையின் இழப்பீட்டு ஆணையரிடம் போக வேண்டும்.

10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் ஆலை, கடை, நிறுவனம், மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் (மாற்றுத்திறனாளிக்கு 25,000) என்றால் இஎஸ்ஐ. கட்டட சைட் தொழிலாளர்களும் 2015 ஆகஸ்ட் முதல் இதில் வருகிறார்கள், காகிதத்திலாவது. சம்பளம் 21,000-ஐத் தாண்டினால், அல்லது ஐந்தாறு பேர் வேலை செய்யும் பட்டறை என்றால் ஆணையர்.

முதலாளி பதிவே செய்யவில்லை, ஆனால் செய்திருக்க வேண்டும் என்றால்? முதலில் இஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள். முதலாளி கட்டாமல் விட்டாலும் தொழிலாளிக்கு உரியதைக் கொடுத்துவிட்டு அவரிடம் வசூலிக்க இஎஸ்ஐ-க்கு அதிகாரம் உண்டு. "இந்த நிறுவனம் எங்களிடம் வராது" என்றால் அதை எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்னதை நம்பி ஆணையரிடம் போனால், அங்கே எதிர்த்தரப்பு வக்கீல் "இது இஎஸ்ஐ விஷயம்" என்று முதல் வாய்தாவிலேயே கிளப்புவார்.

இஎஸ்ஐ வழியில் முதலாளி விபத்துப் புத்தகத்தில் பதிந்து, படிவம் 12-இல் விபத்து அறிக்கையை ஆன்லைனில் அனுப்ப வேண்டும். இந்த அறிக்கை போகாவிட்டால் உங்களுக்கு வருவது சாதாரண நோய் உதவிதான். விபத்து உதவி இல்லை. ஏ.ஆர்., சி.எஸ்.ஆர். நகலோடு கிளை மேலாளரிடம் நீங்களே மனு கொடுத்தால் அவர்கள் விசாரிப்பார்கள். வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு சராசரி நாள் கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். இதற்கு இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது, சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. ஒவ்வொரு சீட்டும் இஎஸ்ஐ டாக்டரிடம் வாங்கியதாக, நடுவில் நாள் விடாமல் இருக்க வேண்டும். காயம் ஆறியதும் மெடிக்கல் போர்டுக்கு அனுப்பச் சொல்லி எழுதிக் கொடுங்கள். கேட்காமலே கூப்பிடுவார்கள் என்று காத்திருந்து பல மாதம் இழந்தவர்கள் உண்டு. போர்டு போடும் சதவீதத்துக்கு ஏற்ப மாதா மாதம், ஆயுள் முழுக்கப் பணம் வரும். சதவீதம் குறைவு என்று பட்டால் மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். மரணத்தில் அதே 90 சதவீதம் குடும்பத்துக்குப் பங்காகப் போகும்: மனைவிக்கு ஐந்தில் மூன்று, பிள்ளை ஒவ்வொருவருக்கும் ஐந்தில் இரண்டு, மொத்தம் மிஞ்சினால் விகிதப்படி குறையும். இறுதிச் சடங்குக்கு 15,000. பிஎஃப் உள்ளவர் இறந்தால் அங்கேயும் காப்பீடு உண்டு, உச்சம் 7 லட்சம். குடும்பங்கள் அடிக்கடி மறப்பது இதைத்தான்.

கணக்கு போட்டுப் பாருங்கள்

ஆணையர் வழிக்கான தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923-இல் வந்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020 நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஆணையர் என்ற சொல்லுக்குப் பதில் அங்கே தகுதியுள்ள அதிகாரி. விபத்துத் தேதியைப் பார்த்துத்தான் மனுவில் சட்டத்தின் பெயரும் பிரிவு எண்ணும் போட வேண்டும். கணக்கின் எலும்பு, அதாவது சம்பளத்தில் 50 அல்லது 60 சதவீதம், பெருக்கல் வயதுக் காரணி (வயதுக்கு ஏற்பச் சட்டம் தரும் எண்) என்பது இரண்டிலும் ஒன்றே. கீழே உள்ள தொகைகள் 1923 சட்டத்தின்படி.

மரணம்: மாதச் சம்பளத்தில் 50 சதவீதம் × காரணி. நிரந்தர முழு ஊனம்: 60 சதவீதம் × காரணி. பகுதி ஊனம்: முழு ஊனத் தொகையில் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போனதோ அந்த அளவு. சம்பளம் எவ்வளவு வாங்கினாலும் கணக்குக்கு எடுப்பது உச்சமாக 15,000 ரூபாய்தான். 2020 ஜனவரி 3 முதல் இந்த வரம்பு. அதற்கு முன் 8,000. காரணி வயது ஏற ஏறக் குறையும்: 20 வயதுக்கு 224, 25-க்கு 216.91, 30-க்கு 207.98, 40-க்கு 184.17, 50-க்கு 153.09, 60-க்கு 117.41.

முப்பது வயது, மாதம் 18,000 சம்பளம், வலது கைக் கட்டைவிரல் முழுதும் போனது என்று வைத்துக்கொள்வோம். சட்டத்தின் அட்டவணையில் கட்டைவிரலுக்கு 30 சதவீதம். 15,000-இல் 60 சதவீதம் 9,000. அதை 207.98-ஆல் பெருக்கினால் 18,71,820. அதில் 30 சதவீதம் 5,61,546 ரூபாய். இதே ஆள் இறந்திருந்தால் 7,500 × 207.98 = 15,59,850.

இவருக்கே இஎஸ்ஐ இருந்தால்? நாள் கூலி சுமார் 600, அதில் 90 சதவீதம் 540, அதில் 30 சதவீதம் 162. மாதத்துக்கு ஏறக்குறைய 4,860 ரூபாய், சாகும் வரை. மொத்தமாக வராதே என்று இஎஸ்ஐ-யைச் சபிப்பவர்கள் இந்தக் கணக்கைப் பத்து வருடத்துக்கு ஓட்டிப் பார்க்கலாம்.

அட்டவணையில் மற்றவை: ஆள்காட்டி விரல் முழுதும் 14 சதவீதம், நடுவிரல் 12, ஒரு கையில் நான்கு விரலும் 50, மணிக்கட்டோடு கை 60. அட்டவணையில் இல்லாத காயம் என்றால் டாக்டர் சான்று. இங்கே ஒரு பெரிய பொறி. டாக்டர் எழுதுவது உடல் ஊனம் எத்தனை சதவீதம் என்று. சட்டம் கேட்பது சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போனது என்று. இரண்டும் வேறு. உட்கார்ந்து கணக்கெழுதுபவருக்குக் கால் முறிந்து 20 சதவீத ஊனம் என்றால் சம்பாத்தியம் அவ்வளவாகக் குறையாது. அதே காயத்தோடு சாரம் ஏறும் சென்ட்ரிங் தொழிலாளிக்கு வேலையே போய்விடும். இடது கையை முழங்கைக்கு மேல் இழந்த ஒரு தச்சருக்கு உச்ச நீதிமன்றம் 1975-இலேயே நூறு சதவீதம் என்று சொன்னது, ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது என்பதால். அதனால் சான்று வாங்கும்போது உங்கள் வேலை என்ன, அதில் எந்த அசைவு தேவை என்று டாக்டரிடம் விளக்கி, அதை எழுதியே வாங்குங்கள்.

காயம் ஆறி வேலைக்குத் திரும்பிவிடுகிற தற்காலிக ஊனம் என்றால் மாதச் சம்பளத்தில் 25 சதவீதம், பதினைந்து நாளுக்கு ஒருமுறை, அதிகபட்சம் ஐந்து வருடம். 15,000 சம்பளத்துக்கு மாதம் 7,500. வைத்தியச் செலவு முழுதும் தனியாக முதலாளி தர வேண்டும், ஆகவே அசல் பில்களைக் கம்பெனியிடம் கொடுத்துவிடாதீர்கள், நகல் கொடுங்கள். ஒரு மாதத்துக்குள் இழப்பீடு தராவிட்டால் வருடத்துக்கு 12 சதவீத வட்டி. காரணம் இல்லாமல் இழுத்தடித்தால் 50 சதவீதம் வரை அபராதமும் சேரும்.

மனு

காலக்கெடு இரண்டு வருடம். மனுவை விபத்து நடந்த இடத்திலும் போடலாம், நீங்கள் வசிக்கும் ஊரிலும் போடலாம், முதலாளியின் பதிவு அலுவலகம் இருக்கும் இடத்திலும் போடலாம். விழுப்புரத்திலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து அடிபட்டு ஊர் திரும்பியவர், ஒவ்வொரு வாய்தாவுக்கும் ரயில் ஏற வேண்டியதில்லை. சென்னைக்குள் என்றால் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் காஞ்சிபுரம் மாவட்டம், கும்மிடிப்பூண்டி திருவள்ளூர் மாவட்டம் என்பதை மறக்க வேண்டாம்.

காயமடைந்தவர் போடுவது எஃப் படிவம், இறந்தவரின் குடும்பம் போடுவது ஜி படிவம். எதிர்மனுதாரராகக் கான்ட்ராக்டரை மட்டும் போடுவது வழக்கமான தவறு. அவர் ஊரை விட்டுப் போயிருப்பார். அவருக்கு வேலை கொடுத்த முதன்மை நிறுவனத்தையும், பாலிசி இருந்தால் காப்பீட்டுக் கம்பெனியையும் சேருங்கள். பெரிய சைட்டுகளில் கான்ட்ராக்டர் தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி எடுத்திருப்பார். அதன் நகலை முதல் கடிதத்திலேயே கேளுங்கள். முதன்மை நிறுவனம் பொறுப்பாவது அது தன் தொழிலுக்காகக் கொடுத்த வேலைக்குத்தான். வீட்டுக்கு வெள்ளையடிக்கக் கான்ட்ராக்ட் விட்ட வீட்டுக்காரரை இந்த வகையில் பிடிக்க முடியாது. பெயிண்டிங் கான்ட்ராக்டரைத்தான் பிடிக்க வேண்டும்.

சேர்க்க வேண்டியவை: ஏ.ஆர். காப்பி, சி.எஸ்.ஆர். அல்லது எஃப்.ஐ.ஆர்., டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, ஊனச் சான்று, வயதுக்கு ஆதாரம், சம்பளத்துக்கு ஆதாரம், அனுப்பிய கடித நகலும் ஒப்புதல் அட்டையும். மரணத்தில் இவற்றோடு பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்று, தாசில்தார் தரும் வாரிசுச் சான்று. வாரிசு வேறு, சட்டம் சொல்லும் சார்ந்திருப்பவர் வேறு. மனைவி, மைனர் மகன், திருமணமாகாத மகள், விதவைத் தாய் ஆகியோர் சார்ந்திருந்ததை நிரூபிக்க வேண்டாம். திருமணமாகாத இளைஞன் இறந்து அப்பா மனுப் போட்டால், மகன் பணத்தில்தான் குடும்பம் ஓடியது என்று காட்ட வேண்டும். ஊருக்குப் பணம் அனுப்பிய பேங்க் ஸ்டேட்மென்ட் அங்கே பேசும்.

கூலிக்குத் தாள் இல்லை என்றால் அந்த வேலைக்கு அரசு அறிவித்த குறைந்தபட்சக் கூலி ஆணையைத் தாக்கல் செய்யுங்கள். வக்கீலுக்குப் பணம் இல்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. 15100-க்கு அடித்தால் வழி சொல்வார்கள். "வந்ததில் பாதி" என்று பேசிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலுக்கே வரும் ஏஜென்டுகளிடம் வக்காலத்தில் கையெழுத்துப் போடும் முன் இதை முயன்று பாருங்கள்.

மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் ஒன்றிரண்டு வருடம் ஓடும். உங்கள் சாட்சியம், டாக்டர் சாட்சியம், எதிர்த்தரப்பின் குறுக்கு விசாரணை என்று போகும். டாக்டர் வராத வாய்தாக்கள்தான் அதிகம் தின்னும். சான்று வாங்கும்போதே சாட்சிக்கு வருவாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சமரசம் பேச வந்தால்

வருவார்கள், பெரும்பாலும் மூன்றாம் நாள். இருபதாயிரம் ரூபாய், ஊருக்கு டிக்கெட், ஒரு வெற்று பாண்டு பேப்பர். பணத்தை வைத்தியச் செலவுக்கு என்று வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அதையும் அப்படியே எழுதி வாங்குங்கள். எழுதாத தாளில் கையெழுத்து வேண்டாம். "இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்" என்று எழுதிக் கொடுத்திருந்தாலும் சட்டப்படி அது செல்லாது. ஆனால் செல்லாது என்று நிலைநாட்ட இன்னும் ஒரு வருடம் போகும். மரணத்துக்கு முதலாளி குடும்பத்தின் கையில் நேரடியாகத் தரும் தொகை இழப்பீடு கொடுத்ததாகவே ஆகாது. ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். நியாயமான தொகைக்கு மனம் ஒப்பினால், ஒப்பந்தத்தை ஆணையரிடம் பதிவு செய்யுங்கள். தொகை குறைவு என்று பட்டால் பதிய மறுக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு.

கழிவுநீர்க் குழி

இது தனிக் கணக்கு. மனிதரைக் கழிவுநீர்த் தொட்டியிலோ பாதாளச் சாக்கடையிலோ பாதுகாப்பில்லாமல் இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டப்படி குற்றம். உச்ச நீதிமன்றம் 2014-இல் ஒவ்வொரு மரணத்துக்கும் 10 லட்சம் என்றது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. நிரந்தர ஊனத்துக்குக் குறைந்தது 20 லட்சம், மற்ற ஊனத்துக்குக் குறைந்தது 10 லட்சம். இதற்கு ஆணையரிடம் போக வேண்டியதில்லை. மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுங்கள். அபார்ட்மென்ட் சங்கம் கூப்பிட்ட தனியார் லாரி ஆள் என்றாலும் பொருந்தும். எஃப்.ஐ.ஆரில் 2013 சட்டத்தின் பிரிவும், பொருந்தினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவும் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். விட்டுப்போயிருந்தால் அன்றே எழுதிக் கேளுங்கள்.

தீர்ப்பு வந்த பிறகு

தொகையை எதிர்த்தரப்பு ஆணையரிடம் கட்ட வேண்டும். மேல்முறையீட்டுக்கு 60 நாள், உயர் நீதிமன்றம். முதலாளி மேல்முறையீடு போக வேண்டுமானால் தீர்ப்புத் தொகையை முதலில் கட்டிய சான்று காட்டியாக வேண்டும். கட்டவே இல்லை என்றால் வசூல் மனு போடுங்கள். நில வரி பாக்கி போல வருவாய்த் துறை வழியாக வசூலிக்கலாம். அதற்கு முதலாளியின் சொத்து, பேங்க் கணக்கு விவரம் உங்களிடம் இருந்தால் வேகம். பழைய சம்பளச் செக்கின் நகல் ஒன்று இருந்தால்கூடப் போதும். பணம் கட்டப்பட்டதும் எடுப்பதற்குத் தனி மனு உண்டு: ஆதார், பாஸ்புக் முதல் பக்கம், இரண்டு போட்டோ. பாஸ்புக்கில் உள்ள பெயரும் தீர்ப்பில் உள்ள பெயரும் ஓரெழுத்து மாறினாலும் நிறுத்திவைப்பார்கள். மைனர் பிள்ளைகளின் பங்கு வைப்புத்தொகையாகப் போடப்படும், படிப்புச் செலவு என்று காரணம் காட்டி ஆணையரின் உத்தரவோடு நடுவில் எடுக்கலாம். பள்ளிக் கட்டண ரசீதைச் சேர்த்துக் கேளுங்கள்.